டிவி மேல் தூசி

2023 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை. அடையாறு ஆற்றோர ஹவுசிங் போர்டு குடியிருப்பின் மூன்றாம் மாடியிலிருந்து ஐந்து வயது தாரணியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த ஆண்டில் அது ஐந்தாவது முறை.

வீசிங். குழந்தையின் முகத்தில் மருந்துப் புகை மாஸ்க்கை வைத்த டாக்டர், வீட்டில் தூசி கூடாது என்றார். இன்னொரு முறை இப்படி வந்தால் வார்டில்தான் சேர்க்க வேண்டும் என்றும் சொன்னார்.

அவள் அம்மா அன்புக்கரசிக்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. கீழே தெருவைத் தோண்டிப் போட்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. லாரி போனால் மாடிவரை மண் எழும்பியது. அவள் ஜன்னலை மூடினாள். வெண்டிலேட்டரில் பழைய புடவையைத் திணித்தாள். துடைப்பத்தை விட்டு ஈரத்துணிக்கு மாறினாள். நாற்காலி போட்டு ஏறி ஃபேன் இறக்கைகளைத் துடைத்தாள். வீடு வெந்தது. பக்கத்து வீட்டு சரோஜாதேவி எட்டிப் பார்த்து, "இன்னாடி, இட்லிப் பானைக்குள்ளயே குடித்தனம் பண்றியா?" என்றாள். ஆனாலும் தினம் காலையில் டிவி மேல் விரலால் பெயர் எழுதும் அளவுக்குத் தூசி இருந்தது.

கணவன் கனகராஜ் கிரானைட் அறுக்கிறவன். ஆள் குடியிருக்கும் ஃப்ளாட்டுகளில் தண்ணீர் விட்டு அறுக்கச் சம்மதிக்க மாட்டார்கள், தரை பாழாகுமாம். அதனால் உலர்வாகவே மெஷினை ஓட்டுவான். கொஞ்ச நாளாக அவனுக்கும் இருமல். பீடியால் வந்தது என்பான். மாலையில் அவன் படியேறும்போதே தாரணி ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். சட்டையில் முகத்தைப் புதைத்தபடியே உள்ளே வருவாள். அந்தச் சட்டையை அப்படியே ஊறவைத்தால் பக்கெட் அடியில் சேறு தங்கும் என்று, அன்புக்கரசி வாசலில் நின்று நாலு உதறு உதறித்தான் நனைப்பாள். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் பழக்கம்.

ஏப்ரல் முதல் வாரம் கனகராஜ் வேலைக்காகப் பாண்டிச்சேரி போனான். மூன்றாம் நாள், டிவியைத் துடைத்த துணியில் அழுக்கே இல்லை. தெருவில் லாரிகள் போய்க்கொண்டுதான் இருந்தன. தாரணி எட்டு இரவுகள் இருமாமல் தூங்கினாள். ஒன்பதாம் நாள் அவன் திரும்பி வந்தான். மறுநாள் காலை துடைத்த துணியை அன்புக்கரசி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தெரு மண் சிவப்பு. இது கோலமாவு மாதிரி இருந்தது.

அன்று மாலை அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் நின்றாள். சட்டையும் பேண்ட்டும் கீழேயே இருக்கட்டும், குழாயடியில் குளித்துவிட்டு மேலே வா என்று கனகராஜிடம் சொன்னாள்.

அவன் ஒரு காலைப் படியில் வைத்தபடி நின்றான். "வேல செய்ற ஃப்ளாட்டு அம்மா லிஃப்ட்ல ஏறாதன்றாங்க. நீ வூட்டுக்குள்ளயே வராதன்ற. இன்னா, நான் தீட்டா?"

அவள் காலையில் டிவியைத் துடைத்த துணியை நீட்டினாள். "இத்த பாரு மாமா. உன்ன மட்டும் சொல்லல. நானுந்தான் உதறி உதறி உள்ள அனுப்பிக்கினு இருந்தேன்."

கனகராஜ் துணியை இரண்டு விரல்களுக்கு நடுவே தேய்த்தான். அது எந்தக் கல்லின் தூள் என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. தேய்த்துக்கொண்டே இருந்தான். பிறகு லுங்கியும் துண்டும் கேட்டான்.

"நைனா" என்று தாரணி கையை நீட்டினாள்.

அவன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். "கிட்ட வராத கண்ணு. குளிச்சிட்டு வரேன்."

அவன் மேலே வரும்வரை தாரணி அழுதாள்.

அடுத்த நாளிலிருந்து குழாயடியில் மூடி போட்ட பக்கெட் ஒன்று இருந்தது. மே, ஜூன் இரண்டு மாதமும் தாரணியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வேண்டியிருக்கவில்லை. கனகராஜின் இருமல் நிற்கவில்லை. எக்ஸ்ரே எடுக்க அவனை ஜூலை பதினெட்டாம் தேதி வரச் சொன்னார்கள்.