கல்யாணக் கேமராவும் நுண்ணோக்கியும்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. அக்கா போனில் சொன்னது. "எழுதிடாதே" என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தாள். எங்கள் வீட்டில் அதற்கு எழுது என்று அர்த்தம்.

முதல் வரி: 'மருத்துவமனை ஜன்னலில் மழை...' அன்றைக்கு மழையே இல்லை. அடித்துவிட்டேன்.

2

அக்காவுக்கு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அத்தான் கல்யாண போட்டோகிராபர். வேறு ஊர் ஸ்டுடியோ ஒன்றில் சேர்வதாக, அக்காவை ஒரு வார்த்தை கேட்காமல் ஒப்புக்கொண்டு வந்துவிட்டார். அதிலிருந்து வீட்டில் பேச்சில்லை.

(அத்தானை இங்கே கொஞ்சம் கெட்டவராக்கப் பார்த்தேன். வரவில்லை. என் கல்யாண ஆல்பத்தில் என்னையும் பார்க்கும்படி காட்டியவர் அவர்.)

3

காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்ந்திருந்த ஒரு பெண்ணின் ரத்தத்தில் மலேரியாக் கிருமி தெரிந்தது. எந்த வகை என்பதில்தான் அக்காவுக்குச் சந்தேகம். வகை தெரிந்தால்தான் சரியான மருந்து. வெளியூர் போயிருந்த பெரிய டாக்டர், "படம் அனுப்பும்மா, பார்த்துச் சொல்றேன்" என்றார். கூடத்து நுண்ணோக்கியில் மாட்டும் கேமரா பழுது. செல்போனை வைத்து எடுத்தால் எல்லாம் கலங்கல். அக்கா ரோஷத்தை ஓரம் கட்டிவிட்டு அத்தானுக்குப் போன் போட்டாள்.

"கேமராவோட வாங்க."

அவர் ஏன் எதற்கு என்று கேட்காமல் வந்தார். பழைய கேமராவை மாட்டும் வளையம் இவருடையதற்கும் பொருந்தியது. நுண்ணோக்கியின் தலையில் மாட்டி எடுத்தார். அதுவும் கலங்கல்.

"ஃபோகஸ் சரியாத்தானே இருக்கு?"

"இருக்கு. என் விரல்தான் காரணம். பட்டனை அழுத்தினா லேசா ஆடுது. உன் மெஷின் அந்த ஆட்டத்தையும் சேர்த்துப் பெருசாக்குது." டைமர் வைத்தார். "பத்து செகண்ட்ல தானா எடுக்கும். மேஜையைத் தொடாதே. நடக்காதே."

இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில், அசையாமல் நின்றார்கள்.

கிளிக். சிவப்பணுவுக்குள் மோதிரம்போல ஒரு வளையம், விளிம்பு துல்லியமாக.

டாக்டர் பதில் அனுப்பினார், மருந்து மாறியது, காய்ச்சல் இறங்கியது. அந்தப் பெண் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, "பார்க்க நல்லாத்தான் இருக்கு" என்றாளாம்.

4

அந்தப் பத்து விநாடியில் என்ன பேசினார்கள்? மூன்று விதமாக எழுதினேன். அவர் மன்னிப்புக் கேட்டார். அவள் அழுதாள். இருவரும் ஒரே நேரத்தில்...

அக்கா படித்துவிட்டு, "மூணும் தப்பு" என்றாள். அத்தானைக் கேட்டேன். "மூச்சே விடலைப்பா. மேஜை ஆடிடுமேன்னு பயம்."

வீடு திரும்பும்போது வண்டியில்தான் கேட்டிருக்கிறார். "அந்த வேலைக்குப் போகலாமா, வேண்டாமா? நீ சொல்றதுதான்."

"யோசிச்சு சொல்றேன்."

5

இன்னும் யோசிக்கிறாள். அவசரமே இல்லாமல், ரொம்ப சந்தோஷமாக யோசிக்கிறாள். அத்தானும் ஸ்டுடியோக்காரரிடம் "வீட்ல கேட்டிருக்கேன்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். போனார்கள் என்றும் முடிக்கலாம், போகவில்லை என்றும் முடிக்கலாம். முடிவை உங்களிடமே விடுகிறேன். என்ன வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்காவை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.