ஊளை வண்டியைத் திருப்பிக் கேட்டவன்

மாத்தளை டவுனில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கிற புஹாரி, லக்கலைப் பக்கம் பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு கட்டை தூரம் வெயிலில் நடந்து வருகிறான் என்றால் அதில் ஏதோ சூது இருக்கத்தான் வேண்டும். ஒற்றையடிப் பாதையில் அவன் குடை தெரிந்ததுமே பதுர்தீன் எழுந்து உள்ளே போனார். அலுமாரி மேலே இருந்த சிவப்புத் தீயணைப்பு வண்டியை எடுத்து நெல்லுச் சாக்குக்குப் பின்னால் தள்ளினார். மகள் நூருன்னிஸா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னத்துக்கு வாப்பா ஒளிக்கிறீங்க?"

"உனக்குத் தெரியா. பேசாம இரு."

அந்த வண்டியை ஆறு வாரத்துக்கு முன்னால் பேத்தி ஹமீமாவுக்கென்று புஹாரியின் கடையில்தான் வாங்கினார். மேலே இருக்கிற பொத்தானை அமுக்கினால் நாய் ஊளையிடுகிற மாதிரி ஒரு சத்தம். சும்மா ஊளை இல்லை, பல்லுக் கூசும். முதல் நாளே நூருன்னிஸா அதைக் கிணற்றில் போடப் பார்த்தாள். ஆனால் இரண்டாம் நாள் பின்னேரம் வயல் ஓரத்தில் வந்து நின்ற, தந்தமில்லாத அலியன் யானை அந்தச் சத்தத்தைக் கேட்டுக் காட்டுக்குள் திரும்பிப் போனது. அன்றைக்கே விளையாட்டுச் சாமான் வயல் சாமானாகிவிட்டது.

அது தொண்ணூற்றாறாம் வருஷம், சண்டைக் காலம். யானை வெடி கொளுத்தினால் சந்தியில் இருக்கிற ஆமி ஓடி வந்து வீட்டைச் சுற்றி நிற்கும். வேறு என்னத்தால் விரட்டுவது? போன போகத்தில் இரண்டு ஏக்கரும் யானை வயிற்றுக்குத்தான் போனது. இந்தப் போகம் அறுக்க இன்னும் பதினெட்டு நாள்.

புஹாரி ஸலாம் சொல்லிவிட்டு வாங்குப் பலகையில் உட்கார்ந்தான். கையில் ஒரு பை. பைக்குள் அதே சிவப்பு வண்டிகள் எட்டோ ஒன்பதோ கிடந்தன.

"நானா, உங்களுக்கு வித்த அந்தத் தீ வண்டிய எடுத்துப் போக வந்தேன். கொழும்புலருந்து கடிதம் வந்திச்சு. இத எறக்குமதி பண்ணின கம்பெனிக்காரனே எல்லாத்தையும் திருப்பி எடுக்கச் சொல்லிட்டான்."

"ஏன், சத்தம் காணாதாமா?"

"சத்தம் கூடிப் போச்சாம். பிள்ளைகள்ட காதுக்கு ஆகாதாம். உங்க காச அப்படியே தாரேன்."

பதுர்தீன் சிரித்தார். "நான் பொறந்து அறுவத்தாறு வருஷம். வித்த சாமானத் திருப்பித் தாங்கன்னு வீடு தேடி வந்த வியாபாரிய இன்டைக்குத்தான் காணுறேன். வெலை ஏறிட்டா? இல்லாட்டி லக்கலைல ஆனை வெரட்டுற கதைய யாரும் சொன்னாங்களா?"

"அல்லாஹ்வே! நானா, ஒன்பது வீடு ஏறி இறங்கிட்டேன். பள்ளிவாசல் பக்கத்துல ஒரு பொடியனுக்கு ஒரு காது கேக்கவே இல்ல, ஆஸ்பத்திரில காது டாக்குத்தர்ட்ட காட்டிட்டு வந்திருக்காங்க. அவன்ட உம்மா என்ட கடைல வந்து நின்னு ஏசின ஏச்சு... மூணு நாளா எனக்குச் சோறு இறங்கல்ல."

"அது ஒடைஞ்சு போச்சு. தூக்கி எறிஞ்சாச்சு."

நூருன்னிஸா வாசற்படியில் வந்து நின்றாள். வாப்பாவைப் பார்த்த பார்வையே போதும்.

புஹாரி நம்பவில்லை என்பது அவன் முகத்தில் தெரிந்தது. முற்றத்தில் ஹமீமா அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கோழிக்குஞ்சுக்கு அரிசி போட்டுக்கொண்டிருந்தாள். ஆறு வயது. புஹாரி, "மகள், ஹமீமா," என்றான். பிள்ளை திரும்பவில்லை. கொஞ்சம் உரத்துக் கூப்பிட்டான். ஒரு குஞ்சு பயந்து ஓடியது, பிள்ளை ஓடுகிற குஞ்சைத்தான் பார்த்தாள்.

"அவளுக்குச் செருக்கு," என்றார் பதுர்தீன். "கூப்பிட்டாத் திரும்ப மாட்டா. அவள்ட வாப்பா கொழும்புல வேலைன்னு போனதுலருந்து இப்படித்தான்."

"செருக்கு இல்ல வாப்பா," என்றாள் நூருன்னிஸா. "நாலு நாளா நானும் பாக்குறேன். இடது பக்கம் நின்னு சொன்னா அவளுக்கு ஒன்டும் விளங்குதில்ல."

"நீ ஒரு பக்கம்! இவன் கதை சொன்ன ஒடனே நீயும் கண்டுட்டியா?"

புஹாரி குடையை எடுத்தான். "ஆறு மணி பஸ்ஸுக்குச் சந்தில நிப்பேன் நானா. ஒடைஞ்ச துண்டாயிருந்தாலும் கொண்டு வாங்க. எனக்காக இல்ல." பிறகு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

பதுர்தீன் கொல்லைப் பக்கம் போய்க் கை கால் கழுவினார். அஸர் தொழுதார். தொழுகையில் மனம் நிற்கவில்லை. வியாபாரி பொய் சொல்லுவான், அதில் சந்தேகமில்லை. ஆனால் பொய் சொல்லுகிறவன் காசைத் திருப்பித் தருகிறேன் என்பானா? அந்த வண்டியை இடது தோளில் தூக்கி வைத்துப் பிடி, உயரத்தில் பிடித்தால்தான் சத்தம் காட்டுக்குள்ளே போகும் என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தது அவர்தான். தோளில் வைத்தால் அது இடது காதோடு ஒட்டித்தான் இருக்கும். ஆறு வாரம். ஒவ்வொரு பின்னேரமும்.

தொழுத பாயை மடித்துவிட்டு உள்ளே போய்ச் சாக்கை விலக்கினார். வண்டி இல்லை.

"நூருன்னிஸா! பிள்ளை எங்க?"

"இங்கதான் நின்னா..." என்றவள் முற்றத்தைப் பார்த்தாள். கோழிக்குஞ்சுகள் மட்டும் நின்றன.

அப்போதுதான் வயலிலிருந்து ஊளை கேட்டது.

அவர் ஒளித்ததைப் பிள்ளை பார்த்திருக்கிறாள். நேரமானதும் தன்பாட்டில் எடுத்துக்கொண்டு காவல் பரணுக்குப் போய்விட்டாள். பதுர்தீன் செருப்பையும் போடாமல் ஓடினார். வரப்பு முனைக்கு வந்ததும் கால் அப்படியே நின்றது.

பரண், வயலின் அடுத்த கரையில், நாலு காலில், ஓர் ஆள் உயரத்தில் நின்றது. மேலே ஹமீமா வண்டியைத் தோளில் வைத்து இவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் இலுக்குப் புல் விலகியது. அலியன் வெளியே வந்தது. ஊளைக்கு அது திரும்பிப் போகவில்லை. காதை விரித்து, தும்பிக்கையைத் தூக்கி, சத்தம் வருகிற இடத்தைத் தேடி ஓர் எட்டு வைத்தது. இன்னும் ஓர் எட்டு. ஆறு வாரம் கேட்டுக் கேட்டு அதுக்குப் பயம் விட்டுப் போய்விட்டது. இப்போது கோபம்தான்.

"நிப்பாட்டு!" என்று கத்தினார். "ஹமீமா, நிப்பாட்டு! பின்னால பாரு!"

ஊளைக்குள்ளே அவர் குரல் செத்துப் போனது. தோளில் கிடந்த துவாயை எடுத்துத் தலைக்கு மேல் வீசினார்.

பிள்ளை துவாயைக் கண்டாள். தலையை ஆட்டிவிட்டு இன்னும் பலமாகப் பொத்தானை அமுக்கினாள்.

துவாயை வீசினால் ஆனை வந்திருக்கு, விடாமல் ஊதென்று அர்த்தம். அதைப் பழக்கியதும் அவர்தான். ஒரு மாதமாய் அவள் ஒரு தரம்கூடப் பிழை விட்டதில்லை. துவாயைக் கீழே போட்டார். கையைக் காட்டினார். பிள்ளைக்கு விளங்கவில்லை. ஊளை நிற்கவில்லை. யானை பரண் காலுக்குப் பத்து முழத்தில் வந்துவிட்டது.

வரப்பைச் சுற்றிப் போக நேரமில்லை. கதிர் முற்றிய நெல்லுக்குள்ளே இறங்கினார். சேறு முழங்கால் வரை இழுத்தது. யானை அவரைக் கண்டது. அவர் அதைப் பார்க்கவில்லை. பார்த்தால் கால் நின்றுவிடும் என்று அவருக்குத் தெரியும். கலிமாவைச் சொல்லிக்கொண்டு பரண் ஏணியைப் பிடித்தார். மேலே ஏறிப் பிள்ளையின் விரலைப் பொத்தானிலிருந்து பிய்த்தெடுத்தார்.

ஊளை நின்றது. அப்புறம் யானையின் மூச்சு மட்டும்தான் கேட்டது.

ஹமீமா திரும்பினாள். கைக்கெட்டுகிற தூரத்தில் அந்தக் கறுத்த நெற்றியைக் கண்டு வாயைத் திறந்தாள். பதுர்தீன் அவள் வாயைப் பொத்தி, இடது காதில், "சத்தம் போடாத ராசாத்தி," என்றார். பிள்ளை கையை உதறப் பார்த்தாள். அவர் சொன்னது போய்ச் சேரவே இல்லை. தலையை மெல்லத் திருப்பி மற்றக் காதில் அதையே சொன்னார். உடனே அடங்கி, அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த இடத்தில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டார்.

யானை பரண் காலில் ஒரு தரம் உடம்பை உரசியது. பலகை ஆடியது. பிறகு சத்தம் இல்லாத இடத்தில் தனக்கென்ன வேலை என்கிற மாதிரி நெல்லுப் பக்கம் திரும்பியது. கதிரைக் கட்டுக் கட்டாய்ப் பிடுங்கி, காலில் அடித்து மண்ணை உதறி, வாயில் போட்டது. பதுர்தீன் பார்த்துக்கொண்டே இருந்தார். வரப்பில் நூருன்னிஸா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு நின்றாள். அது தின்றுகொண்டே வயலின் அந்த மூலைக்குப் போன பிறகுதான் அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

"வாப்பா, பின்னால கொஞ்சம் மிஞ்சியிருக்கு. தகரம் தட்டிப் பாப்பமா?"

"தின்னட்டும்," என்றார். "அடையாள அட்டைய எடு. உன்டதையும் எடு. சந்தில ஆமிக்காரனுக கேப்பானுக."

அவர்கள் போய்ச் சேரும்போது பஸ் கிளம்பத் தயாராய் உறுமிக்கொண்டு நின்றது. புஹாரி மிதிபலகையில் ஒரு காலை வைத்து, இன்னும் கொஞ்சம் பொறு என்று டிரைவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். சேறு காயாத சாரத்தோடு வந்த பதுர்தீனைக் கண்டதும் அவன் பேச்சு நின்றது.

பதுர்தீன் வண்டியை அவன் பைக்குள் போட்டார். "ஒடையல்ல. பொய் சொன்னேன்."

"காசு நானா..."

"காச விடு. காது பாக்குற டாக்குத்தர் ஆஸ்பத்திரில எத்தன மணிக்கு வாராரு? அந்தப் பொடியனக் காட்டினாங்களே, அவருதான்."

"காலம எட்டுக்கு. இன்டைக்கு என்ட வீட்டுல தங்குங்க. நானே கூட்டிட்டுப் போறேன்."

அதை நம்பலாமா என்று யோசிக்கப் பதுர்தீனுக்கு நேரமில்லை. நூருன்னிஸாவை முன்னால் விட்டு ஏறினார். பிள்ளையை ஜன்னல் ஓரம் உட்கார வைக்கப் போனவர், அப்படி வைத்தால் தன் பக்கம் இடது காது வரும் என்று கண்டு, அவளை இந்தப் பக்கம் மாற்றித் தான் ஜன்னலுக்குப் போனார். பஸ் புறப்பட்டது.

"மூத்தாப்பா, நான் சரியாத்தானே ஊதினேன்?" என்று ஹமீமா கேட்டாள். அது பஸ் முழுவதும் கேட்டது. முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தன் குரல் எவ்வளவு உயரம் என்று பிள்ளைக்கே தெரியவில்லை.

பதுர்தீன் அவள் வலது காதருகே குனிந்தார். "சரியாத்தான் ஊதின," என்றார். "பிழை என்னோடது."