'பயப்படாதே' என்று ஒட்டிய வண்டி

சபை வண்டியை ஒன்பது வருடமாக ஓட்டுகிறவளை எல்லோரும் ஹாரன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆராதனையில் அவள் வாயைத் திறந்து பாடினால் கடைசி வரிசைக்காரர்கள் தூக்கம் கலைந்து நிமிர்ந்து உட்காருவார்கள், அதனால் வந்த பெயர். வண்டியை எடுக்கும் முன் பானட்டில் கை வைத்து ஜெபிப்பாள். ஆமென் சொன்ன கையோடு கீழே படுத்து, சக்கரம் சக்கரமாகத் தடவிப் பார்ப்பாள். "ஜெபம் பண்ணின பிறகு என்னம்மா சந்தேகம்?" என்று சபைச் செயலாளர் சீண்டுவார். செயலாளர் வேறு யாருமில்லை, அவளுடைய கூடப் பிறந்த அண்ணன்.

மகளின் பிரசவத்துக்காக இரண்டு வாரம் விடுப்பில் போயிருந்தவள் அன்று காலைதான் திரும்பி வந்தாள். மலைக்கு அந்தப் பக்கம் மூன்று நாள் தியான முகாம். மழை விட்டபாடில்லை. போகலாமா கூடாதா என்று கமிட்டி மூன்று நாள் உபவாசம் இருந்து ஆண்டவரிடம் கேட்டு, போகலாம் என்று பதிலும் பெற்றிருந்தது. அவள் வருவதற்குள் பதினோரு பேர் பெட்டியும் குடையுமாக வண்டியில் ஏறிவிட்டார்கள். முன் சீட்டில் போதகரும் அண்ணியும் இருந்தார்கள்.

ஜெபத்துக்கு முன் டீசல் இருக்கிறதா என்று பார்க்க ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பியவள் கண்ணில் ஒரு புது ஸ்டிக்கர் பட்டது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால், மீட்டர் கண்ணாடி மேலேயே, தங்க எழுத்தில் 'பயப்படாதே' என்று மின்னியது.

"இத யாரு இங்க ஒட்டினது?"

"நான்தான்," என்றார் வெளியே நின்ற அண்ணன். "ஒரு வாரமா ஒரு சிவப்பு லைட் அணையாம எரிஞ்சுட்டே இருந்துச்சு. பாக்கிறவங்க எல்லாம் பயந்துட்டாங்க. அதான் அது மேலயே ஒட்டிட்டேன்."

அவளுக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. நகத்தால் சுரண்டிப் பிய்த்தாள். பிரேக் எண்ணெய் குறைந்தால் எரிகிற விளக்கு செக்கச்செவேலென்று எரிந்துகொண்டிருந்தது. கைபிரேக்கை விடுவித்துப் பார்த்தாள், அணையவில்லை. பெடலை மிதித்தாள், தலையணையை மிதித்ததுபோல் உள்ளே போயிற்று. மறுபடி கைபிரேக்கை இழுத்துவிட்டு, இறங்கிக் கீழே படுத்தாள். பின் சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருந்தது. மழைத் தண்ணீர் இப்படிப் பிசுபிசுக்காது.

எண்ணெய்க் கையை அண்ணன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "வண்டி போகாது."

"மூணு நாள் பட்டினி கிடந்து கேட்டிருக்கோம். ஆண்டவர் போகச் சொல்லிட்டாரு."

"போகச் சொன்னாரு, சரி. இந்த வண்டியிலதான் போகணும்னு சொன்னாரா?"

பின் சீட்டில் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். அண்ணன் முகம் சிறுத்துப் போனது.

"உனக்கு விசுவாசம் குறைஞ்சு போச்சு."

"நானும்தாண்ணா கேக்கிறேன், ஒன்பது வருஷமா, தினமும். முழங்கால்ல நின்னும் கேப்பேன், மல்லாந்து படுத்தும் கேப்பேன். இன்னைக்குப் பதில் என் கையில ஒட்டியிருக்கு. அதையும் அவர்தான் காட்டினாரு."

"சரி, நீ ஓட்ட வேண்டாம். நான் ஓட்டிக்கிறேன். திங்கட்கிழமை கமிட்டி கூடும். அதுக்கப்புறம் உனக்கு இங்க வேலை இருக்காது."

"கூடட்டும்."

அண்ணன் பொய் வேஷக்காரர் என்றால் சமாளித்துவிடலாம். இவர் மனதார நம்புகிறவர், அதுதான் தலைவலி. கட்டின மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே மலையிறங்கத் துணிந்து, ஏறி ஸ்டீயரிங்கைப் பிடித்தார். "எல்லாரும் இறங்குங்க!" என்று அவள் கத்தினாள். பதினோரு பேரும் மடியைப் பார்த்தார்கள். செயலாளரைப் பகைத்துக்கொள்ள யாருக்கு மனம் வரும்? போதகர் கண்ணை மூடிக்கொண்டார். ஜெபித்தாரோ, நழுவினாரோ, அவருக்கே வெளிச்சம்.

வளாகம் கேட்டை நோக்கிச் சரிவாக இறங்கும். அவள் விறுவிறுவென்று நடந்துபோய்க் கேட்டைச் சாத்திவிட்டு அதற்கு முன்னால் நின்றாள். உள்ளுக்குள் பயம்தான், இல்லையென்று யார் சொன்னது? மகளையும் பிறந்து பத்து நாளான பேத்தியையும் ஒரு கணம் நினைத்தாள். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"வாங்கண்ணா!" ஹாரன் என்ற பெயருக்குக் குறை வைக்காத குரல். "பிரேக் பிடிக்கும்னு நம்பிக்கை இருந்தா எடுங்க. எனக்கு முன்னாடி வந்து நிறுத்துங்க. நிறுத்திட்டா நானே கேட்டைத் திறந்து விடுறேன்."

இன்ஜின் உறுமியது. அண்ணன் கைபிரேக்கை விடுவித்தார். வண்டி ஒரு முழம் இறங்கியது, இரண்டு முழம் இறங்கியது. அவள் நகரவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் அண்ணனின் முழங்கால் மேலும் கீழும் போவது தெரிந்தது. பெடலைக் குத்துகிறார், அது கேட்கவில்லை. அண்ணி "ஐயோ" என்று அலறிக்கொண்டு கைபிரேக்கை இழுத்தாள். வண்டி குலுங்கி நின்றது.

அவள் இடுப்பிலிருந்து கையை எடுக்கவில்லை.

"ஏன் நிறுத்திட்டீங்க? ஆண்டவர் என்னைக் காப்பாத்த மாட்டாரா?"

அண்ணன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். உதடு வெளுத்திருந்தது. "பைத்தியமா உனக்கு? ஆண்டவரைச் சோதிச்சுப் பாக்கலாமா?"

"அதத்தாண்ணா நானும் வந்ததுலேர்ந்து சொல்லிட்டு இருக்கேன்."

அண்ணி கதவைத் திறந்து முதல் ஆளாக இறங்கினாள். போதகரும் கண்ணைத் திறந்தார். பதினோராவது பெட்டி தரைக்கு வரும் வரை அவள் கேட்டை விட்டு நகரவில்லை.