வீடில்லாத காலத்துத் தூசி

“மெயினப் போடுண்ணே,” என்றபடி கணவனின் தலைமாட்டிலிருந்து எழுந்தாள் அலமு. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் பாதியில் நிறுத்தினார்கள்.

அண்ணன் வீரபாகு மெயின் பலகைக்கு முன்னால் நந்தி மாதிரி குறுக்கே நின்றார். விடிந்ததும் விடியாததுமாகப் பரசுராமன் பட்டுநூல் சுற்றும் மோட்டார் முன்னால் சாய்ந்தபோது, ஓடிவந்து மெயினை இறக்கியவர் அவர்தான். மோட்டாரின் சுவிட்ச் கெட்டு ஆறு மாதமாகிறது.

“போட்டா மோட்டார் ஓடும்மா. பொணம் கெடக்கிற வூட்ல தொழில் சத்தம் கேக்கலாமா? தெருவே தறிய நிறுத்திக்கினு நிக்குது.”

பின்கட்டில் மகள் கீர்த்தி, கரண்டு இல்லாமல் அணைந்துபோன பழைய லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். வானத்தைப் பார்க்கப் பெரிய தொலைநோக்கியில் நேரம் கேட்கும் விண்ணப்பம் ஐந்து மணிக்குள் போக வேண்டும். விட்டால் ஒரு வருடம். அதற்குள் அவள் படிப்பே முடிந்துவிடும். பக்கத்து வீட்டுக்குப் போகலாமென்றால் தீட்டோடு படியேறக் கூடாது. மணி நாலே முக்கால்.

பிரபஞ்சம் குழந்தையாயிருந்த காலத்திலேயே நட்சத்திரக் கூட்டங்களுக்கு நடுவே தூசி கிடந்ததாம். அதுதான் அவள் ஆராய்ச்சி. அலமுவுக்குப் பாதிதான் புரியும். பரசுராமனுக்கு அதுவும் கிடையாது, ஆனாலும் மனுஷன் விடமாட்டார். “பெருக்கறதுக்கு வூடே இல்லாத காலத்துல தூசி எப்பிடிம்மா வந்துச்சு?” என்று நேற்றும் போனில் கேட்டார்.

“மொத நட்சத்திரங்க செத்து விட்டுட்டுப் போனதுப்பா. அவ்ளோ தூரம் எப்பிடிப் போச்சுன்னுதான் தெரியல.”

“கண்டுபுடிச்சிச் சொல்லு,” என்றார். அதற்குமேல் பேச அவருக்கு ஆயுசில்லை.

“ஊரு என்னா பேசும், அலமு?” என்றார் வீரபாகு.

“நாலு நாள் பேசும். அவ அவருக்குப் பதில் சொல்லணும்ணே. நகரு.”

வீரபாகு நகரவில்லை. தோளால் அவரை ஒதுக்கிவிட்டு மெயினைத் தூக்கிவிட்டாள். மோட்டார் கடகடவென்று ஓடியது. காலையில் பாதியில் நின்ற அரக்குச் சிவப்பு நூல் மறுபடி கண்டில் ஏறத் தொடங்கியது. பரசுராமன் உட்கார்ந்து சுற்றுவது போலவே இருந்தது. காலையிலிருந்து வராத அழுகை அலமுவுக்கு அப்போதுதான் வந்தது. அழுதுகொண்டே மெயின்மேல் கையை வைத்து நின்றாள். யாரையும் கிட்டே விடவில்லை.

“அப்ளிகேஷன் போயிடுச்சும்மா!” என்று பின்கட்டிலிருந்து கீர்த்தி கத்தினாள்.

அலமு உடனே இறக்கவில்லை. கண்டு நிறைய இன்னும் கொஞ்சம் நூல் பாக்கியிருந்தது. அது ஏறி முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெயினை இறக்கி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“இப்ப தூக்குங்க,” என்றாள்.