கீரைப் பாத்திக்கு ஊற்றிய தேத்தண்ணி

மிஸ்ஸி தாளைப் பார்த்து "ஏழு புள்ளி ஆறு" என்று சொன்ன அதே நேரத்தில், என் கணுக்காலிலிருந்து ஓர் அட்டை வயிறு முட்டக் குடித்துவிட்டுக் கிளினிக் தரையில் பொத்தென்று விழுந்தது. காலையில் பஸ்ஸைப் பிடிக்கத் தேயிலைக்குள் குறுக்கே இறங்கி வந்தபோது ஏறியிருக்கும். நானும் தாதி மிஸ்ஸியும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். டொக்டருக்குக் காட்ட ரத்தம் இல்லாத உடம்பில் அட்டைக்குக் கொடுக்க மட்டும் எங்கிருந்தோ வந்திருந்தது. வெட்கமாகப் போயிற்று. காலால் அதை நான் உட்கார்ந்திருந்த வாங்குக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

விஷயம் இதுதான். எனக்குக் கர்ப்பப்பையில் கட்டி. மாதத்தில் பாதி நாள் ரத்தம் போய்க்கொண்டே இருக்கும். ஒப்பரேஷன் செய்து எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றார் பெரிய டொக்டர். ஆனால் ரத்தத்தின் அளவு பத்துக்கு வந்தால்தான் கத்தி வைப்பாராம். மூன்று தரம் திகதி கொடுத்தார்கள், மூன்று தரமும் திருப்பி அனுப்பினார்கள். முதலில் ஏழு புள்ளி நாலு, பிறகு ஏழு புள்ளி ஒன்பது, இப்போது இது. மலையில் கொழுந்து பறித்துக்கொண்டு மூன்றாவது நிரைக்குப் போவதற்குள் கண்ணை இருட்டிக்கொண்டு வரும். போன மாதம் கொழுந்துப் பையோடு சாய்ந்துவிட்டேன், கங்காணிதான் தண்ணீர் தெளித்து எழுப்பினார். என் அக்கா இப்படித்தான் நாற்பத்தாறு வயதில் போய்ச் சேர்ந்தாள். எனக்கு இப்போது நாற்பத்தெட்டு. வெளியே சொல்லிக்கொள்வதில்லை, ஆனால் பயம்தான்.

என் வீட்டுக்காரர் மரியநாயகத்துக்கும் அதே பயம். அவர் முப்பத்திரண்டு வருஷம் தேயிலை ஸ்டோரில், கொழுந்தைத் தூளாக்கும் தொழிற்சாலையில், வேலை பார்த்தவர். கொழுந்து வாடியது போதுமா, இன்னும் வாட வேண்டுமா என்பதை மூக்காலேயே சொல்வார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்த பிறகு இரண்டு வருஷம் வாசலில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி இருந்த மனுஷனுக்கு என் வியாதி ஒரு வேலையாக வந்து வாய்த்தது. எங்கள் மகள் டெல்சி கொழும்பிலிருந்து போனில் வீடியோ வீடியோவாக அனுப்புவாள், எதைத் தின்றால் ரத்தம் ஊறும் என்று. இவர் அதையெல்லாம் கோயில் கலண்டரின் பின்பக்கத்தில் எழுதி அடுப்படியில் தொங்கவிட்டார். நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் மண்ணைக் கொத்திப் பொன்னாங்காணியும் வல்லாரையும் பாத்தி கட்டினார். குரக்கன் மா, கேழ்வரகுதான், வாங்கி வந்து ரொட்டி தட்டப் பழகினார். பாசிப்பயறு, நெத்திலிக் கருவாடு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஈரல். பீட்ரூட்டை மட்டும் எனக்குத் திகட்டிப்போகும் அளவுக்குச் சமைத்தார். அது சிவப்பாக இருப்பதால் நேராக ரத்தத்தில் போய்ச் சேரும் என்று நம்பினார்.

"என்னாடி சிசிலி, பீட்ரூட்ட தின்னு தின்னு நீயே ஒரு கெழங்காட்டம் ஆகப்போற" என்பாள் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் காளியாயி.

சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் தேத்தண்ணி வந்துவிடும். அதில்தான் அவருடைய கைவண்ணம். கேத்தலில் தண்ணீர் எந்தக் கொதியில் இருக்கும்போது தூளைப் போட வேண்டும், எவ்வளவு நேரம் மூடி வைக்க வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு. கிளினிக்கில் கொடுத்த இரும்பு மாத்திரையையும் அவரே பிரித்து என் உள்ளங்கையில் வைப்பார்.

"தேத்தண்ணியிலயே முழுங்கிரு புள்ள. வெறுந்தண்ணின்னா கொமட்டும்."

அட்டை விழுந்த அன்று மிஸ்ஸி என்னை உடனே அனுப்பிவிடவில்லை. என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். கலண்டரின் பின்பக்கத்தை அப்படியே ஒப்பித்தேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை, இவ்வளவும் சாப்பிட்டால் ஏறியிருக்க வேண்டுமே என்றார். பிறகு சிங்களத்தில் கேட்டார்: "கேமட்ட பஸ்ஸே தே பொனவாத?" சாப்பாட்டுக்குப் பிறகு தேத்தண்ணி குடிப்பீர்களா என்று. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோட்டத்து ஆட்களிடம் கேட்கிற கேள்வியா அது? மாத்திரையே அதில்தான் விழுங்குகிறேன் என்றேன். மிஸ்ஸி பேனாவைக் கீழே வைத்தார்.

"ஐயோ அம்மா, சாப்பாட்டுல இருக்கிற இரும்ப எல்லாம் தே புடிச்சி வச்சிக்கும். ஒடம்புக்குப் போகாது. ஒரு மணித்தியாலம் விட்டு குடிங்க. மாத்திர தண்ணியில. தேசிக்கா புளிஞ்ச தண்ணின்னா நல்லம்."

அதையே தமிழில் அச்சடித்த ஒரு தாளும், ரத்தப்போக்கைக் குறைக்க வேறு மாத்திரையும் கொடுத்து, பத்து வாரம் கழித்து வரச் சொன்னார்.

பஸ்ஸில் வரும்போது ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. பதினாறு வயதிலிருந்து இந்தக் கையால் கிள்ளிப்போட்ட கொழுந்து, ஒருநாளாவது சொல்லியிருக்கக் கூடாதா? வீட்டுக்குப் போனதும் அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டு மேட்டில் ஏறினேன். அவர் லயத்து முனையிலேயே நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. ஏழு புள்ளி ஆறு என்று மட்டும் சொன்னேன். உள்ளே போய்ச் சோற்றைப் போட்டார். சாப்பிட்டு முடித்ததும் ஆவி பறக்கக் கோப்பையை நீட்டினார்.

"ஏழு ஆறா? பரவால்ல புள்ள. சாயம் பத்தல போல. நாளையிலருந்து இன்னும் ஒரு கரண்டி சேத்துப் போடுறேன்."

நாக்கு நுனி வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டேன். மூன்று திகதியும் தவறிப்போனது உங்கள் தேத்தண்ணியால்தான் என்று ஒரு மனுஷனிடம் எப்படிச் சொல்வது? கோப்பையை எடுத்துக்கொண்டு, காற்றாட நிற்பதுபோல் பின்பக்கம் போய், பொன்னாங்காணிப் பாத்தியில் ஊற்றினேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் அதே வேலை. மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு போய்ப் பீலியில் கொட்டும் தண்ணீரில் விழுங்குவேன். பாவம் என்று தோன்றும். அதைவிட, அந்த வாசனைக்கு என் நாக்கு துடிக்கும். முதல் வாரம் தலைவலி மண்டையைப் பிளந்தது. பின்னேரம் மலையிலிருந்து வந்து வெறும் வயிற்றில் குடிக்கும் ஒரு கோப்பையை மட்டும் அவர் முன்னாலேயே உட்கார்ந்து ரசித்துக் குடிப்பேன், திருட்டுக்கு ஈடு கட்டுவதுபோல. கீரையோ சொல்லிவைத்ததுபோல் தளதளவென்று வளர்ந்தது. ஒருநாள் காளியாயி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துவிட்டாள்.

"ஏன்டி, கீரைக்கும் ரத்தம் ஏத்துறியா?"

"வாயப் பொத்து. அவருகிட்ட சொல்லித் தொலைக்காத."

அவள் சொல்லவில்லை. நான்தான் கோட்டை விட்டேன். பத்து வாரம் முடிந்து கிளினிக்குக்குப் போகிற காலையில், தலை சீவிக்கொண்டே, "அந்த கிளினிக் கார்ட எடுத்து பேக்ல வைங்க" என்றேன். அவர் பைபிளுக்குள்ளிருந்து கார்டை எடுத்தார். நான் மடித்து ஒளித்துவைத்திருந்த மிஸ்ஸியின் தாள் கூடவே விழுந்தது. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் நின்று, எழுத்துக்கூட்டுவதுபோல் மெதுவாகப் படித்தார். திரும்ப மடித்தார்.

"எத்தன நாளா?"

"பத்து வாரம்."

"நான் குடுத்ததெல்லாம்?"

"கீரைப் பாத்திக்கு."

"அதான் அந்தக் கீர அப்பிடி வந்திச்சா" என்றார். சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "மாத்திரையும் நாந்தான தேத்தண்ணியோட குடுத்தேன். மூணு தெகதியும்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

"எனக்கு மட்டும் தெரியுமாங்க? யாருக்கும் தெரியாது."

அவர் அடுப்படிக்குப் போனார். கேத்தல் சத்தம் கேட்டது. வழக்கம்போல் தேத்தண்ணி போட்டு, பிளாஸ்கில் ஊற்றி, பையில் வைத்தார். கோபமா, வீம்பா என்று எனக்குப் பிடிபடவில்லை. பஸ் முழுக்க ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ரத்தம் எடுத்துவிட்டு வந்தபோது எட்டேமுக்கால். வெளி வாங்கில் உட்கார்ந்து குரக்கன் ரொட்டியும் வதக்கிய பொன்னாங்காணிச் சுண்டலும் சாப்பிட்டோம். மாத்திரையைத் தண்ணீர்ப் போத்தலோடு நீட்டினார். நான் விழுங்கும்வரை பார்த்திருந்துவிட்டு, பிளாஸ்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஊற்றவில்லை. சுவரில் மருந்துக் கம்பனி கொடுத்த கடிகாரம் ஒன்று இருந்தது, அதைப் பார்த்தார். ஒன்பது ஆகியிருந்தது.

ஒன்பது ஐம்பதுக்கு என் பெயரைக் கூப்பிட்டார்கள். அதே மிஸ்ஸி. தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பத்து புள்ளி ஒண்ணு. அடுத்த செவ்வாக்கெழம வார்டுக்கு வாங்க."

எனக்கு அழுகை வந்தது. அங்கேயே அழுதேன். மிஸ்ஸி பார்க்காததுபோல் இருந்தார்.

வெளியே வந்து அவரிடம் சொன்னேன். அவர் கை தானாகப் பிளாஸ்கின் மூடிக்குப் போனது, பாதி திருகியது, நின்றது. கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"பத்தாக இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு புள்ள" என்று மூடியை மறுபடி இறுக்கி, பிளாஸ்கை இரண்டு கையாலும் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார்.