எத்திராஜ் என்ன வேலை பார்த்தார்?

"டாக்டர், ஒரு நிமிஷம்!"

செருப்புகூடப் போடாமல் ஓடினாள் கிருஷ்ணப்பிரியா. ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் அதற்குள் தன் கார் கதவைத் திறந்திருந்தார்.

சற்றுமுன்தான் அவள் அப்பா எத்திராஜின் நெஞ்சிலிருந்து நீர் எடுத்துவிட்டு அவர் சொல்லியிருந்தார்:

"நுரையீரல் உறை தடிச்சிருக்கு. ஆஸ்பெஸ்டாஸ் தூசியில வேலை பாத்தீங்களா? அப்படின்னா புத்துநோயான்னு சதை எடுத்துப் பாக்கணும்."

எத்திராஜ் பதில் சொல்லுமுன் கிருஷ்ணப்பிரியாவின் மாமியார் முந்திக்கொண்டாள். "தூசியா? எங்க சம்பந்தி ஃபேன் காத்துல கணக்கு எழுதினவராச்சே!"

"ஆமா சார், ஆபீஸ் வேலைதான்," என்றார் எத்திராஜ். காசநோயாக இருக்கலாம் என்று மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு டாக்டர் கிளம்பினார்.

மாமியார் மருந்து வாங்கப் போனதும் அப்பா அவள் கையைப் பிடித்தார். "உட்டுடும்மா. அந்த ஊட்ல உன்ன கேவலமா பேசுவாங்க. நான் மாத்திர துன்னுகினு கீறேன்."

அதற்குமேல் அவளால் உட்கார முடியவில்லை.

காரருகே மூச்சிரைக்க நின்றபோது, மருந்துப் பையோடு மாமியாரும் வந்துவிட்டாள். "இன்னாடி ஓட்டம்?"

கிருஷ்ணப்பிரியா தலை குனிந்தாள்.

"அப்பா ஆபீஸ்ல இல்ல டாக்டர். காலமெல்லாம் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் அறுத்தாரு. பொண்ணு பாக்க வந்தப்ப, அக்கவுண்டன்ட்டுன்னு சொல்லச் சொன்னது நான்தான்."