உப்புநீரில் ஊறிய தகடு

நவம்பர் பதினொன்று, செவ்வாய்க்கிழமை. விடியற்காலையில் தொடங்கிய தூறல் பிற்பகல் வரை ஓயவில்லை. மாலையில் மேகம் விலகிய பின்னும் காற்றில் ஈரம் கனத்தது.

உலைக்காரன் வேலை முடிந்து வந்து, சட்டையைக் கழற்றியதும் இடது முன்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டான். அந்தத் தோலுக்கு அடியில் இருந்த தகடு அவன் கையாலேயே உருவானது. துத்தநாகத்தை உருக்கி, அதில் எலும்புத்தாதுப் பொடியைக் கலந்து வார்ப்பது பட்டறையில் அவன் பணி. அத்தகடு முறிந்த எலும்பைச் சில காலம் தாங்கிப் பிடித்து, பின்னர் உடலுக்குள்ளேயே சிறிது சிறிதாகக் கரைந்துபோகும். அதனைக் கழற்றுவதற்கென்று மறுபடியும் கத்தி வைக்க வேண்டியதில்லை.

"தடவித் தடவியே அதைக் கரைச்சிடுவ போலிருக்கேடா," என்றாள் உருளைக்கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டிருந்த அக்கா.

அவன் சிரித்தானே தவிர, தழும்பை விட்டு விரலை எடுக்கவில்லை.

அந்தக் கையை உடைத்தவன் அக்காவின் கணவன். அதே பட்டறையில் சோதனைப் பிரிவில் இருந்தவன். உடற்சூடுள்ள உப்புநீர்த் தொட்டியில் தகடுகளை ஊறவைத்து, மாதந்தோறும் சிலவற்றை வெளியே எடுத்து, இயந்திரத்தில் மாட்டி முறித்துப் பார்ப்பது அவன் தொழில். ஆதலால் எல்லோரும் அவனை முறிப்பான் என்றே அழைத்தார்கள். வீட்டிலும் அவன் அந்தத் தொழிலை விட்டானில்லை. உதடு கிழிந்து, ஒரு காது செவிடாகி, அக்கா ஒருநாள் தம்பி வீட்டுக்கு ஓடி வந்தாள். துரத்தி வந்தவனைத் தம்பி வாசலில் மறித்தான். இரும்புக்குழாய் இறங்கியது. தம்பி மருத்துவமனைக்கும் முறிப்பான் சிறைக்கும் போனார்கள்.

ஜாமீனில் வெளிவந்த முறிப்பான், "எட்டாம் மாசம் வந்து என் பொண்டாட்டியைக் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லியனுப்பினான். எட்டாம் மாதம் என்பதன் பொருள் பட்டறைக்காரர்களுக்கு மட்டுமே விளங்கும். ஊறவைத்த எட்டாம் மாதத்தில் தொட்டியிலிருந்து எடுக்கும் தகடு வெள்ளை பூத்து, துளைவிழுந்து, பிஸ்கட்டைப் போலப் பொடிந்துவிடும். "எலும்பு நல்லா கூடிடுச்சு, பயப்படாதீங்க," என்று மருத்துவர் எக்ஸ்ரே படத்தைக் காட்டிச் சொன்னபோது உலைக்காரன் தலையாட்டினான். எனினும் தொட்டியைக் கண்ணால் கண்டவனுக்குப் படம் எப்படி ஆறுதல் தரும்?

தகடு வைத்து எட்டு மாதம் ஆன இந்த மாலையில், கதவு உதைபட்டுத் தாழ்ப்பாள் தெறித்து விழுந்தது.

"என்ன மச்சான், எட்டு மாசம் ஆயிடுச்சே! உன் சரக்கு என்ன லட்சணத்துல இருக்குன்னு பாத்துடலாமா?" முறிப்பானின் கையில் அதே அளவில் ஒரு குழாய் இருந்தது.

"அக்கா வராது மாமா. போயிடுங்க."

"அதை உன் கை சொல்லட்டும்."

முதல் உதை வயிற்றில் விழுந்தது. குனிந்தவனின் தலைமுடியைப் பற்றி, முகத்தை நிலைப்படியில் மோதினான் முறிப்பான். பல்லொன்று பெயர்ந்து, வாய் நிறைய இரத்தம் ஊறியது. அதைத் துப்பிவிட்டு உலைக்காரன் மறுபடி எழுந்து வழியை மறித்தான். அவனை அறியாமலே இடது கை உயர்ந்தது.

அவன் தலை காப்பின்றியே இருந்தது. முறிப்பான் தலையை நாடவில்லை. எத்தனையோ தகடுகளை முறித்த அனுபவத்தில், எங்கே அடித்தால் ஒரே அடியில் முடியும் என்று அவன் அறிந்திருந்தான். முன்கையின் நடுவே, தழும்பின் மேல், முழு மூச்சோடு குழாயை இறக்கினான்.

தோல் பிளந்தது. இரத்தம் முழங்கை வரை வழிந்தது. ஆனால் கை வளையவில்லை.

முள் நகராத இயந்திரத்தைப் பார்ப்பவன்போல முறிப்பான் விழித்தான். "எப்படிடா? தொட்டியில அத்தனையும் உடைஞ்சுதே!" மீண்டும் அதே இடத்தில் அடித்தான். கை நின்றது.

அடிபட்ட கையின் விரல்கள் இன்னமும் மடங்குவதை உலைக்காரன் கண்டான். அக்கணத்தில்தான் மருத்துவரின் சொல் அவனுக்கு உறைத்தது. தொட்டியில் கரைந்த இடம் வெற்றிடமாகவே கிடந்தது. உடம்பிலோ தகடு விட்டுக்கொடுத்த இடத்தையெல்லாம் எலும்பு வந்து பிடித்துக்கொண்டது.

"தொட்டியில வெறும் உப்புத்தண்ணி மாமா," என்று சொல்லி, அதே கையால் குழாயைப் பற்றி இழுத்து, நெற்றியால் அவன் மூக்கை மோதினான். மூக்குத்தண்டு நொறுங்கியது. குழாய் உள்ளே உருண்டது. தள்ளாடி வாசலுக்கு வெளியே சாய்ந்த முறிப்பான், விழாமலிருக்க வலக்கையால் கதவு நிலையைப் பிடித்தான்.

அக்கா ஓடி வந்து கதவைத் தோளால் இடித்துச் சாத்தினாள். நான்கு விரல்களும் ஒருசேர முறிந்தன. ஓலம் தெருவெங்கும் கேட்டது. அவள் கதவைச் சற்றே திறந்து, மறுபடியும் இடித்தாள்.

"அக்கா, போதும்க்கா!"

"எனக்கு அந்தக் காது கேக்காதுடா," என்று மூன்றாம் முறையும் இடித்தாள். பிறகுதான் கதவைத் திறந்து, சிதைந்த கையை நெஞ்சோடு அணைத்தபடி தெருவில் மண்டியிட்டிருந்தவனைப் பார்த்துச் சொன்னாள்:

"ஆஸ்பத்திரியில கரையிற தகடு கேளுங்க. என் தம்பி வார்த்தது, நல்லா கூடும். கூடினப்புறம் இந்தப் பக்கம் வந்தீங்கன்னா, கதவு இங்கேயேதான் இருக்கும்."

எதிர்வீட்டார் அழைத்த காவல் வண்டி வந்து அவனை ஏற்றிச் சென்றது. தாழ்ப்பாள் இல்லாத கதவை அக்கா சாத்தி, அந்தக் குழாயையே எடுத்து முட்டுக்கொடுத்தாள். அப்போது மாலை மணி ஆறு நாற்பத்திரண்டு.